எத்தனை இலக்கம் என்பதா கேள்வி?

"உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு. இலக்கங்கள் 4,10,24,320." இப்படி ஒரு வரியைக் காரியாபட்டியில் என்னிடம் கணக்குக் கேட்க வரும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி தன் பொது அறிவுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். அதற்கு மேல் வரியில் உலகின் மிக உயரமான சிகரம். கீழ் வரியில் மிகப் பெரிய பாலைவனம். போட்டித் தேர்வில் கேட்டால் எழுதலாம் என்பது எண்ணம். ஆனால் பெண் கெட்டிக்காரி. குறிப்பேட்டை மூடுமுன், "சார், இது பகா எண்தான்னு எப்படித் தெரியும்? இவ்வளவு பெரிய எண்ணை யார் வகுத்துப் பார்த்தாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

2024 அக்டோபர் 21ஆம் நாள் வெளியான அச்செய்தியைப் பற்றி நான் படித்த குறிப்புகளில் இக்கேள்விக்கு விடை இல்லை. விடை இல்லை என்பதைவிட, கேள்வியே எழுப்பப்படவில்லை என்பதுதான் பெருங்குறை. ஆகவே இங்கு இரண்டினை எடை போட்டுப் பார்ப்போம். ஒன்று, பெரிய பகா எண்களைப் பற்றிச் செய்தி சொல்லும் நம் வழக்கம். மற்றொன்று, அந்த மாணவியின் கேள்விக்கு நேராக விடை சொல்ல முற்பட்டு நம் நாட்டிலேயே எழுதப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. முன்னதற்கு விளம்பரம் மிகுதி; பின்னதற்கே மதிப்பு மிகுதி என்பது என் கருத்து.

செய்தியில் இருப்பதும் இல்லாததும்

முதலில் செய்தியின் சாரத்தைக் காண்போம். அந்த எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 ஆகும். அதாவது 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த பெருக்குத் தொகையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். இதனைக் கண்டவர் அமெரிக்கரான லூக் டுரான்ட். 1996 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் கணிப்பொறிகளை ஈடுபடுத்தி இவ்வகை எண்களைத் தேடும் 'கிம்ப்ஸ்' என்னும் கூட்டு முயற்சியில் அவரும் ஒருவர். 2018-ல் கிடைத்த முந்தைய பெரிய பகா எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள். புதிய எண்ணை ஒரு பக்கத்திற்கு 4,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடும்.

இவையெல்லாம் உண்மையே. ஆனால், 'மிகப் பெரியது' என்பது இந்த எண்ணின் பண்பு அன்று. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். ஆகவே இதைவிடப் பெரிய பகா எண்கள் எண்ணிறந்தவை உண்டு. 'மிகப் பெரியது' என்பது நாம் எதுவரை அறிந்திருக்கிறோம் என்பதைச் சொல்கிறதே தவிர, எண்ணைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எவரெஸ்டின் உயரம் மலைக்குச் சொந்தமானது. இந்தப் பட்டமோ அடுத்த எண் கிடைக்கும் வரைதான்.

எண்ணுக்கே உரிய பண்புகளைச் சொல்லியிருக்கலாம். பள்ளி மாணவரே கண்டுபிடிக்கக் கூடியவை சில உள. இதன் கடைசி இலக்கம் என்ன? 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறிமாறி முடியும். 136279841-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே அடுக்கு 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் நம் எண் 1-இல் முடியும். நாலு கோடி இலக்கத்தில் ஒன்றைத் தாளும் பென்சிலுமாகக் கண்டுவிட்டோம்! மேலும், கணிப்பொறியின் இரட்டை எண் முறையில் இதை எழுதினால் 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நடுவே ஒரு சுழிகூட வராது. இதனைக் கொண்டு ஒரு செவ்விய எண்ணையும் அமைக்கலாம். தன்னைத் தவிர்த்த தன் காரணிகளின் கூட்டுத் தொகையே தானாக அமையும் எண் செவ்விய எண்; 6 = 1 + 2 + 3 என்பது அதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் எதுவும் மாணவியின் குறிப்பேட்டுக்கு வந்து சேரவில்லை.

இத்தகைய எண்கள் வங்கிக் கணக்குகளின் இரகசியத்தைக் காக்க உதவும் என்று சேர்த்துச் சொல்வதும் ஒரு வழக்கம். இது பாதி உண்மை. 1977-ல் உருவான ஆர்.எஸ்.ஏ. முறையில் பகா எண்கள் பயன்படுவது மெய். ஆனால் அதற்கு ஏறத்தாழ 300 இலக்க எண்களே போதும். அவை யாருக்கும் தெரியாமலும் இருக்க வேண்டும். ஊரறிந்த எண் பூட்டுக்கு ஆகாது.

பெரிய எண் வேட்டை வீண் வேலை என்பது என் வாதமன்று. 2016-ல் இன்டெல் நிறுவனத்தின் 'ஸ்கைலேக்' சில்லுகளில் இருந்த ஒரு குறை, கிம்ப்ஸ் முயற்சிக்கான கணக்குகளை ஓட்டியபோதுதான் வெளிப்பட்டது. கடுமையான கணக்கு, பொறியின் நோயைக் காட்டும். எனினும் இது வேட்டையின் பக்கப் பலனே ஆகும்.

தீக்குச்சிக் கணக்கு

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். எங்கள் மாவட்டத்தில் தீக்குச்சி அறியாத வீடு இல்லை. 12 குச்சிகளை எடுத்து மூன்று வரிசையாகவோ நான்கு வரிசையாகவோ சமமாக அடுக்கலாம். 13 குச்சிகளை அப்படி அடுக்க முடியாது. நான்கு வரிசை என்றால் ஒன்று மிஞ்சும். ஐந்து வரிசை என்றால் மூன்று மிஞ்சும். ஒரே நீள வரிசையாக வைப்பதன்றி வேறு வழியில்லை. இதுதான் பகா எண்.

ஒவ்வொரு வரிசை எண்ணையும் முயன்று பார்ப்பது வகுத்துப் பார்க்கும் முறை. எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பதை மாணவர்கள் அறிவர். 10 இலக்க எண்ணுக்கு ஒரு லட்சத்திற்குக் கீழுள்ள 9,592 பகா எண்களே தேவை. ஆனால் 100 இலக்க எண்ணுக்கு 50 இலக்கம் வரையுள்ள பகா எண்கள் வேண்டும். அவற்றின் எண்ணிக்கை 1-க்குப் பின் 47 சுழிகள் இட்டதைவிட அதிகம். ஒரு விநாடியில் லட்சம் கோடி வகுத்தல்களைச் செய்யும் பொறி கிடைத்தாலும், இந்த அண்டத்தின் வயதாகிய சுமார் 1,380 கோடி ஆண்டுகளை லட்சம் கோடி மடங்காக்கினாலும் வேலை முடியாது. வெறும் 100 இலக்கத்திற்கே இந்தக் கதி. ஆகவே அந்த நாலு கோடி இலக்க எண்ணை யாரும் வகுத்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

வகுக்காமல் அறிவது

பிரான்சு நாட்டு ஃபெர்மா 1640-ல் ஒரு விந்தையைக் கண்டார். 2-ஐ ஒரு பகா எண்ணளவு அடுக்குக்கு உயர்த்தி 2-ஐக் கழித்தால், வருவது அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 7-ஐ எடுத்துக் கொள்வோம். 2⁷ − 2 = 126 = 7 × 18. சரி. 9-ஐ எடுத்தால் 2⁹ − 2 = 510; 9-ஆல் வகுக்க மீதி 6. ஆகவே 9 பகா எண் அன்று. இங்கே 9-இன் காரணி 3 என்பதை நாம் தேடவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணி தெரியாமலேயே 'இது பகு எண்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

ஆனால் இச்சோதனையை ஏமாற்றும் எண்களும் உண்டு. 341 = 11 × 31. எனினும் 2³⁴¹ − 2 என்பது 341-ஆல் வகுபடும். (2¹⁰ = 1024; அது 341-இன் மூன்று மடங்கைவிட ஒன்று அதிகம். இதிலிருந்து மீதியை வாசகர்களே வருவிக்கலாம்.) 561 அதனினும் பெரிய எத்தன். 2-க்குப் பதில் எந்த எண்ணை அடியாகக் கொண்டாலும் பகா எண் போலவே நடிக்கும். இத்தகைய எத்தர்கள் முடிவின்றி உள்ளனர் என்பது 1994-ல் நிரூபிக்கப்பட்டது.

மில்லர் 1976-லும் ராபின் 1980-லும் இச்சோதனையைக் கூர்மையாக்கினர். அதன்படி, ஒரு பகு எண் ஒரு முறை தப்பிக்க வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேற்படாது. 20 முறை சோதித்தால் தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. இரகசியப் பூட்டுக்கு இது போதும். ஆனால் கணிதத்திற்கு இது நிரூபணம் ஆகாது.

லூக்காவின் வழி

2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. இவற்றுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 257 வரையுள்ள எந்தெந்த அடுக்குகளுக்கு இவை பகா எண்களாகும் என்று 1644-ல் ஒரு பட்டியல் தந்தார். பட்டியலில் 67 இருந்தது. அவர் சொல்லுக்கிருந்த மதிப்பால் அது நீண்ட நாள் நிலைத்தது. 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 2⁶⁷ − 1 பகா எண் அன்று என்று காட்டினார். ஆனால் அதன் காரணிகளை அவரால் சொல்ல முடியவில்லை! அமெரிக்கரான கோல் 1903-ல்தான் அவற்றைத் தந்தார்: 193707721 × 761838257287. பகு எண் என்று அறிந்த பிறகும் 27 ஆண்டுகள் காரணி அகப்படவில்லை. 'பகா எண்ணா?' என்பது ஒரு கேள்வி, 'காரணிகள் எவை?' என்பது வேறு, மிகக் கடினமான கேள்வி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1876-ல் லூக்கா, 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்றும் நிரூபித்தார். கணிப்பொறி இல்லாத காலத்துச் சாதனை அது. 1951 வரை அதனை எந்தப் பகா எண்ணும் மிஞ்சவில்லை. அவர் வழியை லேமர் என்பவர் 1930-ல் எளிமையாக்கினார். வழி இதுதான்: 4-இல் தொடங்குக. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக் கொள்க. மீண்டும் அப்படியே செய்க. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் மீதி சுழியாக வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண்.

127-ஐச் சோதிப்போம். அது 2⁷ − 1. ஆகவே 5 படிகள். 4-இல் தொடங்க, முறையே 14, 67, 42, 111, 0. சுழி வந்துவிட்டது, 127 பகா எண்.

2024-ல் கண்ட எண்ணும் இவ்வழியிலேயே உறுதி செய்யப்பட்டது. படிகள் மட்டும் 13,62,79,839. மாணவியின் கேள்விக்கு முதல் விடை இதுவே: யாரும் வகுத்துக் காரணி தேடவில்லை, வர்க்கப்படுத்தி மீதி கண்டார்கள். இந்த ஒரு வாக்கியம் செய்தியில் இருந்திருந்தால், அது பொது அறிவு என்ற நிலையிலிருந்து அறிவியல் என்ற நிலைக்கு உயர்ந்திருக்கும்.

கான்பூர்க் கட்டுரை

ஆனால் லூக்காவின் வழி ஒரு தனி இனத்துக்கு மட்டுமே. எந்த எண்ணைக் கொடுத்தாலும், ஊகம் எதுவும் இன்றி, தற்செயலை நம்பாமல், இலக்கங்கள் கூடும்போது வேலை தலைக்கு மேல் போகாமல் தீர்ப்புச் சொல்லும் பொது வழி உண்டா? இக்கேள்விக்கு 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து விடை வந்தது. மணீந்திர அகர்வால் என்ற பேராசிரியரும், அவ்வாண்டுதான் இளநிலைப் பொறியியல் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு இளைஞர்களும் எழுதிய ஒன்பது பக்கக் கட்டுரை அது. திருத்திய வடிவம் 2004-ல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' என்ற புகழ்பெற்ற இதழில் வெளியாயிற்று. 2006-ல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் அதற்குக் கிடைத்தன.

அதன் மூலக்கருத்து ஈருறுப்புத் தேற்றம் படித்த எவருக்கும் விளங்கும். (அ + 1)⁵ என்பதை விரித்தால் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து ஒன்றுகளை விட்டால் மற்றவை யாவும் 5-ஆல் வகுபடும். (அ + 1)⁶ என்பதன் கெழுக்கள் 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடா. பகா எண்ணுக்கு நடுக்கெழுக்கள் எல்லாம் வகுபடும். பகு எண்ணுக்கு ஒன்றாவது வகுபடாது. இந்தச் சோதனைக்கு எத்தர்களே கிடையாது!

ஆனால் 100 இலக்க எண்ணுக்குக் கெழுக்களின் எண்ணிக்கையும் 100 இலக்கம் ஆகிவிடுமே? இங்குதான் கட்டுரையின் திறமை இருக்கிறது. கெழுக்களைத் தனித்தனியே பாராமல், நாட்காட்டியில் நாட்களைக் கிழமைகளாகச் சேர்ப்பதுபோல, சில குவியல்களாகச் சேர்த்துவிடுகிறார்கள். அ³ வரும் இடத்தில் 1 என்று கொண்டால் அ⁴ என்பது அ ஆகும். அ⁵ என்பது அ² ஆகும். (அ + 1)⁵ இப்படி மடிந்து 11அ² + 10அ + 11 ஆகிறது. 5-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் எழுதினால் அ² + 1. அ⁵ + 1 என்பதும் மடிந்தால் அதே அ² + 1. பகா எண் தேறிவிட்டது. 6-க்குச் செய்தால் மீதிகள் 3, 3, 4 என்று வந்து பொருந்தாமல் போகும்.

மடித்துப் பார்க்கையில் சில எத்தர்கள் மறைந்து தப்பலாம். எத்தனை குவியல்களாக மடிக்க வேண்டும், 1-க்குப் பதிலாக எத்தனை எண்களைக் கூட்டிச் சோதித்தால் ஒருவரும் தப்ப முடியாது என்பதை நிரூபித்ததே அம்மூவரின் சாதனை. இரண்டுமே எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மட்டாகவே வளர்கின்றன.

நிறையும் குறையும்

இக்கட்டுரையின் முதற்சிறப்பு எளிமை. முழு வழிமுறையும் ஆறே படிகளில் அடங்கும். முதல் வடிவத்தில் எண்கோட்பாட்டின் ஆழமான ஒரு தேற்றம் தேவைப்பட்டது. ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா சொன்ன கருத்தை ஏற்று, அத்தேற்றம் இல்லாமலே மையமான முடிவை நிறுவும்படி கட்டுரையைத் திருத்தினர். கல்லூரி இயற்கணிதம் கற்ற மாணவர் இதைப் பொறுமையாகப் படித்து முடிக்கலாம். உலகத்தரமான கணிதக் கட்டுரைகளில் இப்படிச் சொல்லத் தக்கவை அரிது.

இனிக் குறைகள். நிரூபணம் மிகச் சுருங்கிய நடையில் செல்கிறது. மேலே 5-ஐயும் 6-ஐயும் கொண்டு நாம் பார்த்தது போன்ற சிறிய எண் எடுத்துக்காட்டு ஒன்றைச் சேர்த்திருந்தால் எத்தனையோ மாணவர்களுக்கு வாயில் திறந்திருக்கும். 'பகா எண்கள் பி-யில் உள்ளன' என்ற தலைப்பும் கணிப்பொறிக் கோட்பாட்டினருக்கே விளங்கும் குழூஉக்குறி.

நடைமுறையிலும் இது வேகமானதன்று. 2004 வடிவத்தில் நிறுவிய எல்லைப்படி, இலக்கங்கள் இரு மடங்கானால் வேலை சுமார் 1,450 மடங்கு வரை கூடலாம். பின்னர் வந்த திருத்தங்கள் இதனை ஏறத்தாழ 64 மடங்காகக் குறைத்தன. அப்படியும் மெர்சென் எண்களுக்கு லூக்காவின் வழியே மேல். சாதனை எண் எதுவும் கான்பூர் வழியால் பிடிபட்டதில்லை. இதனைச் சொல்லாமல் வெறும் பெருமை பாடுவது கட்டுரைக்கும் நன்றன்று, படிப்பவருக்கும் நன்றன்று. இக்கட்டுரையால் வங்கிப் பூட்டுகள் உடைந்துவிடும் என்று அஞ்சுவதும் தவறு. பகா எண்ணா என்று அறிவது வேறு, காரணி காண்பது வேறு என்று 2⁶⁷ − 1 நமக்குக் காட்டிவிட்டது.

வேகம் இல்லாவிட்டால் பயன் என்ன என்று கேட்கலாம். 'இக்கேள்விக்கு நேர்வழி உண்டா இல்லையா?' என்ற நெடுநாளைய ஐயம் தீர்ந்தது, அதுவே பயன். அதைத் தீர்க்க இராட்சதப் பொறிகள் தேவைப்படவில்லை. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் ஈருறுப்பு விரிவை மூன்று பேர் உற்றுப் பார்த்தார்கள். தமிழில் கணிதம் பயிலும் மாணவருக்கு நான்கு கோடி இலக்கங்களைவிட இது பெரிய செய்தி. சாதனை எண் அவரைக் கைதட்டச் சொல்கிறது. கான்பூர்க் கட்டுரை அவரைத் தாளும் பென்சிலும் எடுக்கச் சொல்கிறது.

காரியாபட்டி மாணவியிடம் அந்தப் பொது அறிவு வரியை அடிக்கச் சொல்லவில்லை. அதன் கீழே "எப்படித் தெரியும்?" என்று எழுதி, 127-இன் ஐந்து படிகளையும் தானே போட்டுப் பார்க்கச் சொன்னேன். சுழி வந்ததும், "அப்ப 11-ஆவது அடுக்குக்கு, சார்?" என்றாள். வாசகர்களும் முயலலாம். 2¹¹ − 1 = 2047; படிகள் ஒன்பது. நான்காம் படியில் 701-உம் ஒன்பதாம் படியில் 1736-உம் வந்தால் உங்கள் கணக்குச் சரி. சுழி வரவில்லை, ஆகவே 2047 பகா எண் அன்று. அதன் காரணிகள் எவை என்பது, நாம் கண்டதுபோல, வேறு கேள்வி. அதையும் தேடிப் பாருங்கள்.